குறைவில்லாம செய்வோம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். மீன்களும் சுகம், ஆனால் அவை இப்போது நம் வீட்டில் இல்லை, அந்தக் கதை பின்னால் வருகிறது. நீ சுகமா என்று கேட்டால் "ம்" என்று ஒரே எழுத்தில் பதில் சொல்கிறவள் நீ. அதனால் கேட்காமலே, நீ நன்றாக இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும்போது அந்தத் தடுப்புக்குப் பின்னால்தான் நிற்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், மூன்றாவது வாக்கியத்துக்கு நான் வந்து சேரும்போது நீ வேலைக்குக் கிளம்பிவிடுகிறாய். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம், நம் கடன் விஷயம், அதில் உன் பெயரும் இருப்பதால் ஒன்று விடாமல் உனக்குத் தெரியவேண்டும். நான் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், அது என் சுபாவம், நடுவில் கொட்டாவி வந்தால் மூடி வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் படி.

வண்ணமீன் கடையை மூடியதிலிருந்து என்னுடைய மத்தியானங்கள் நீண்டுபோய்விட்டன. காலையில் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் இருக்கும் சின்ன மீன் தொட்டியைக் கழுவி, வக்கீல் ஆபீஸ் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றி, இரண்டு மூன்று வீடுகளில் வடிகட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்தால் அதோடு சரி. சாப்பிட்டுவிட்டுப் படுக்கை அறையில் போய்ச் சாய்வேன். கடையிலிருந்து விற்க மனசில்லாமல் கொண்டுவந்த அந்தப் பெரிய தொட்டி அங்கேதான் ஒரு சுவரை அடைத்துக்கொண்டு இருந்தது. ஜன்னலைச் சாத்தினால் அறை முழுக்கப் பச்சையும் நீலமுமாக ஒரு வெளிச்சம், கூரையில் தண்ணீரின் நிழல் ஆடிக்கொண்டே இருக்கும், மோட்டார் முணுமுணுக்கும், ஏஞ்சல் மீன்கள் எந்த அவசரமும் இல்லாமல் போய் வரும். நாள் முழுக்க வாயை மூடாததால் அம்மா "மாமியார்" என்று பெயர் வைத்தாளே ஒரு கிழட்டுக் கோல்ட் ஃபிஷ், அது கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து என்னிடம் எதையோ சொல்லிக்கொண்டிருக்கும். நான் தூங்குகிறேனா முழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. அப்படி ஒரு மத்தியானத்தில்தான் அந்தப் போன் வந்தது.

ஒரு பெண் பேசினாள். ஜலதோஷம் பிடித்த குரல், ஆனால் மரியாதையான குரல். சார், உங்க விஷயத்தை இப்படியே இழுத்துக்கிட்டுப் போகாம ஒரேயடியா செட்டில் பண்ணிடலாம்னு எங்க பக்கத்துல விரும்பறாங்க, நீங்க எவ்வளவு செய்ய முடியும்னு சொன்னீங்கன்னா மேல பேசலாம் என்றாள். நீயே சொல் பாப்பா, கல்யாண வயதில் ஒரே பெண்ணை வைத்திருக்கிற ஒரு தகப்பன், பாதித் தூக்கத்தில் இதை என்னவென்று எடுத்துக்கொள்வான். அம்மா வேறு உனக்குத் தெரியாமல், தைக்கத் துணி கொண்டுவரும் பெண்களிடமெல்லாம் நல்ல இடம் இருந்தா சொல்லுங்க என்று சொல்லிவைத்திருந்தாள். (இதற்காக அவளிடம் சண்டைக்குப் போகாதே, என்னையும் காட்டிக்கொடுக்காதே.) நான் எழுந்து உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, ரொம்ப சந்தோஷம்மா, ஆனா எங்க பொண்ணை ஒரு வார்த்தை கேட்காம நாங்க எதுவும் பண்றதில்ல என்றேன். ஆமா சார், அவங்க சம்மதமும் வேணும்தான் என்றாள் அவள். என்ன பண்பு என்று நினைத்துக்கொண்டேன். அவ சரின்னா போதும்மா, ஒரே பொண்ணு, கடன உடன வாங்கியாவது குறைவில்லாம செய்வோம் என்று சொன்னேன். அவள் பதறிப்போய், ஐயோ, கடன் வாங்கியெல்லாம் செய்யாதீங்க சார், கையில இருக்கறத வெச்சு செஞ்சா போதும் என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு சம்பந்தி வீடா என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் நான் தரையில் இல்லை. ஒரு பெரிய கூடம் தெரிந்தது, நான் நாற்காலிகளைத் தூக்கித் தூக்கி வரிசையாகப் போடுகிறேன், நீ ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் சிரிக்கிறாய், எல்லாவற்றின் மேலும் அந்தத் தொட்டி வெளிச்சம் ஆடுகிறது. அம்மா கையில் ஊசியோடு வந்து எட்டிப் பார்த்து, என்ன முகமெல்லாம் பல்லா இருக்கு என்று கேட்டாள். சொன்னேன். பையன் என்ன வேலை என்றாள், கேட்கலையே என்றேன். பேரு என்றாள், அதையும் கேட்கவில்லை. எந்த ஊராவது கேட்டீங்களா என்றாள், நான் மாமியாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் போனை வாங்கி அதே எண்ணுக்குத் திரும்ப அடித்தாள். ஒரு மெஷின் குரல், எங்கள் நிதி நிறுவனத்துக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம், தவணை செலுத்த ஒன்றை அழுத்தவும் என்றது. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டுல ஒண்ண அழுத்தச் சொல்றாங்க, அழுத்தட்டுமா என்று கேட்டாள். இதைச் சொல்லி இன்று வரை சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்புதான், ஆனால் அந்தச் சில நிமிஷ சந்தோஷம் மட்டும், தப்பென்று தெரிந்த பிறகும், முழுசாகக் கலையவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காக நான் வாங்கிய கடன், தெருவைத் தோண்டிப் போட்டு ஆள் நடக்கவே வழியில்லாமல் ஆனபோது கட்ட முடியாமல் நின்றது. அப்போது கம்பெனிக்காரர்கள் பெரிய தவணையைச் சின்னச் சின்னத் தவணையாக நீட்டிக் கொடுத்தார்கள், மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் போடவேண்டும் என்றார்கள், நீ அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாய், இதுக்கு என்னப்பா இவ்வளவு யோசனை என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் பிடிக்க ஓடினாய். அன்றிலிருந்து நீ பாதி அனுப்புகிறாய், நான் தொட்டி கழுவியும் அம்மா துணி தைத்தும் மறு பாதியைச் சேர்க்கிறோம். வட்டியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அசலில் போய் விழுவது ஒரு சொட்டு. கடன் தன் இடத்தை விட்டு அசைவேனா என்கிறது. மாடி வீட்டுக் கணக்கர் ஒருநாள் தட்டிப் பார்த்துவிட்டு, சார், இந்த வேகத்துல போனா உங்களுக்குப் பல்லெல்லாம் கொட்டின பிறகுதான் இது முடியும் என்று சொன்னார். பல் டாக்டர் நமக்குத் தெரிந்தவர்தானே என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

அந்தக் கணக்கரிடம்தான் இந்தப் போனைப் பற்றியும் கேட்டோம். கம்பெனியில் வருஷக் கணக்கை முடிக்கும் முன்னால் பழைய கடன்களை மூடப் பார்க்கிறார்கள், மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் மீதியை விட்டுவிடுவார்கள், பேசுகிற விதத்தில் பேசினால் பாதிக்குக்கூட வருவார்கள் என்றார். வேடிக்கையைப் பார், அந்த வாரம்தான் நம் பழைய கடை ஒரு செருப்புக் கடைக்காரருக்குப் போய், கட்டட சொந்தக்காரர் நம்முடைய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்திருந்தார். அது ஏறக்குறைய கடனில் பாதி. அம்மா கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது, துணிக்கடையில் ஓரம் கிழிந்த துணியைக் கண்டுபிடித்துவிட்டால் வருமே, அது. கணக்கர் குரலைத் தாழ்த்தி, ஆனா நீங்க மாசாமாசம் ஒழுங்கா கட்டிக்கிட்டு இருக்கீங்களே, அதான் சிக்கல், ரெண்டு மூணு மாசம் கட்டாம விடுங்க, தானா இறங்கி வருவாங்க என்றார். அம்மாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. நான் மாட்டேன் என்று சொன்னேன். நல்லவன் வேஷம் போட்டுச் சொல்லவில்லை. நான் கட்டாமல் விட்டால் அவர்கள் முதலில் என்னைக் கூப்பிட மாட்டார்கள், ஜாமீன் போட்டவளைத்தான் கூப்பிடுவார்கள். நீ இருட்டு அறையில் யாரோ ஒருவரின் உடைந்த எலும்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உன் ஆஸ்பத்திரி போனில் என் கடன் மணியடிக்கும்.

ஆக, கட்டிக்கொண்டே கேட்போம் என்று நானும் அம்மாவும் கிளம்பிப் போனோம். அந்த ஆபீஸ் முழுக்கக் கண்ணாடித் தடுப்பு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒருவர் உட்கார்ந்து வாயை அசைக்கிறார், சத்தம் வெளியே வருவதில்லை, எனக்கு நம் கடைக்குள் வந்த மாதிரியே இருந்தது, கை தன்னால் வலையைத் தேடியது. மேனேஜர் சின்ன வயசுக்காரர், தொண்டைக்கு மிட்டாய் போட்டுக்கொண்டே பேசினார், ஏசி குளிரில் அங்கே எல்லோருக்கும் ஜலதோஷம். பாதின்னா முடியாதும்மா, ஒழுங்கா கட்டறவங்களுக்கு அவ்வளவு குறைக்க மேல விடமாட்டாங்க என்றார். அப்போ ஒழுங்கா கட்டினதுதான் நாங்க பண்ணின தப்பா என்று அம்மா கேட்டாள். அவர் ஃபைலைத் திருப்பிக்கொண்டே, அதுமட்டுமில்ல, சாரே குறைவில்லாம செய்யறேன்னு சொல்லியிருக்காரே, அதனாலதான் அபராத வட்டியை மட்டும் கழிச்சு வெச்சிருக்கோம் என்றார். அம்மா நம்பவில்லை. எங்க, போடுங்க கேட்போம் என்றாள். அவர் கம்ப்யூட்டரில் எதையோ தட்ட, அந்தக் கண்ணாடி ஆபீஸ் முழுக்க என் குரல் கேட்டது, ஒரே பொண்ணு, கடன உடன வாங்கியாவது குறைவில்லாம செய்வோம் என்று. இவ்வளவு சந்தோஷமாக நான் பேசி நானே கேட்டதில்லை. பின் வரிசையில் ஒரு பெண் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள், அவள்தான் அன்று பேசியவள். பிறகு எழுந்து வந்து, எனக்கு அப்பவே ஏதோ தப்பா போகுதுன்னு தோணிச்சு சார், ஆனா நீங்க அவ்வளவு ஆசையா பேசினீங்களா, நிறுத்த மனசு வரல என்று சொன்னாள். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை.

குறைவில்லாம என்றால் மனசில் குறையில்லாமல் என்று அர்த்தம், தொகையில் குறைக்காமல் என்று அர்த்தமில்லை என்று அம்மா மேனேஜருக்கு எடுத்துச் சொன்னாள். அவரும் தமிழ் தெரிந்தவர்தான், புரியுதும்மா, ஆனா மேல இருக்கறவங்க ஃபைலத்தானே பார்ப்பாங்க என்றார். உடனே அம்மா தன் வழக்கமான ஆயுதத்தை எடுத்தாள். பையை மாட்டிக்கொண்டு, சரி வேணாம், வாங்க போகலாம் என்று எழுந்தாள். உனக்குத்தான் தெரியுமே, எந்தக் கடையிலும் அவள் பத்து அடி வைப்பதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். நாங்கள் மெதுவாக நடந்தோம். கதவு வரை கூப்பிடவில்லை. லிஃப்டுக்கு முன்னால் அவள் செருப்பு வாரைச் சரிசெய்வது போல் நின்றாள். யாரும் வரவில்லை. படியிறங்கி, வாசல் தாண்டி, பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் ஒரு காதைப் பின்னால் வைத்துக்கொண்டே நடந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், இவங்களுக்கு வியாபாரமே தெரியல என்று சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரித்தால் அன்றைக்குச் சாப்பாடு கிடைத்திருக்காது.

அதற்கப்புறம் நாட்கள் எப்படிப் போயின என்று தெரியவில்லை. தவணை நாள் வந்தது, கட்டினேன். மத்தியானங்களில் படுத்தால் ஒரே கனவு, அந்த ஆபீஸில் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறுகிறது, யாரும் பதறவில்லை, மேனேஜர் மரியாதையாக என்னைத் தாண்டி நீந்திப் போகிறார், ஃபைல்கள் பாசி மாதிரி அசைகின்றன, நான் எல்லோரையும் பத்திரமாக வேறு தொட்டிக்கு மாற்றவேண்டும், ஆனால் எதில் ஊற்றினாலும் நிரம்பவே மாட்டேன் என்கிறது. கெட்ட கனவு என்று சொல்ல முடியாது, முழித்த பிறகு வெகுநேரம் கை கால் லேசாக இருக்கும். அம்மாதான் என்னை உலுக்கி எழுப்பி, அவங்களா கூப்பிட மாட்டாங்க, மறுபடி போகலாம், இந்தத் தடவை நான் பேசறேன், நீங்க வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னாள். எனக்கும் அதுதான் நல்லது என்று பட்டது.

இரண்டாம் தடவை அம்மா என்ன பேசினாள் என்பதை அவள் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள், நான் சொல்கிறேன். அவள் நேராக, தம்பி, இவருக்கு என்ன வயசுன்னு உங்க ஃபைல்ல இருக்கும், உங்க திட்டப்படி கடன் முடியறப்போ என்ன வயசு ஆகும்னு கூட்டிப் பாருங்க, அதுவரைக்கும் இவரு இருப்பாருன்னு உங்களுக்கு நம்பிக்கை இருக்கா, எனக்கு இல்ல என்றாள். மேனேஜர் மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். என்னை விலை மதிக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, எனக்கு ஒண்ணும் இல்ல சார், சர்க்கரைகூடக் கிடையாது, தினமும் தண்ணி வாளி தூக்கறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்த இடம் இன்னும் வலிக்கிறது. இருமச் சொன்னாளாம், வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தாளாம், எனக்கு மறந்துபோயிற்று. அவள் விடவில்லை, வாளி தூக்கறவங்கதான் தம்பி பொட்டுனு போறாங்க, இவரு போயிட்டா உங்களுக்கு இந்தச் சொட்டுச் சொட்டா வர்றதும் நின்னுடும், இன்னிக்கு மொத்தமா பாதி வருது, வாங்கிக்கறதுதான் புத்திசாலித்தனம் என்றாள். என் சாவைப் பற்றி அவள் அவ்வளவு அழகாகப் பேசிக்கொண்டிருக்க, நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் அசைக்கிறவர்களைப் பார்த்தபடி எங்கேயோ மிதந்துகொண்டிருந்தேன். அப்போது மேனேஜர் ரொம்ப சாதாரணமாக, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், சார் இல்லாம போனாலும் அது நிக்காதும்மா, அதான் பொண்ணு ஜாமீன் இருக்காங்களே என்று சொன்னார்.

பாப்பா, இதை நான் இத்தனை நாளும் தெரிந்து வைத்திருந்தேன், ஆனால் யாரும் என் காதில் இப்படிச் சொன்னதில்லை. எனக்குப் பிறகும் அது போகும், உன்னிடம் வரும், நீ கல்யாணம் செய்துகொண்டாலும் செய்துகொள்ளாவிட்டாலும், நீ எத்தனையோ வருஷமாய் அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று தள்ளிப்போடும் அந்த ஸ்கேன் படிப்பைப் படித்தாலும் படிக்காவிட்டாலும், மாதம் தவறாமல் வரும். தூக்கத்தில் முகத்தில் தண்ணீர் அடித்த மாதிரி இருந்தது. நான் மேஜை மேல் இரண்டு கையையும் வைத்து, சார், குறைக்கறது அப்புறம், முதல்ல என் பொண்ணு பேரை இதுலேர்ந்து எடுங்க, அதுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க என்று கேட்டேன். மேனேஜர் மிட்டாயைக் கடித்து விழுங்கிவிட்டு, மேல பேசிட்டுச் சொல்றேன் என்றார். அந்தத் தடவை லிஃப்ட் வரைக்கும் அவரே வந்தார்.

ஒரு வாரம் கழித்து இரண்டு வழி சொன்னார்கள். முதல் வழி, அம்மா கேட்ட பாதிக்கே முடித்துக்கொள்ளலாம், ஆனால் கடன் வாங்கியவர், ஜாமீன் போட்டவர் இரண்டு பேர் பெயரிலும் குறைத்து முடித்தவர்கள் என்று பதிவாகும், அந்தப் பதிவு பல வருஷம் போகாது, எங்கே கடன் கேட்டாலும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இரண்டாவது வழி, முக்கால் பங்கு கட்டவேண்டும், அப்படிக் கட்டினால் முதலில் உன் ஜாமீனை விடுவித்துவிட்டு, பிறகு கடனை மூடுவார்கள், பதிவு என் பெயரில் மட்டும் இருக்கும், உன் பெயரில் ஒரு கீறல்கூட இருக்காது. அம்மா உனக்குப் போன் செய்து சொன்னாள், நீ யோசிக்காமல், என் பேருக்கு என்ன ஆனா என்னம்மா, பாதியில முடிச்சிட்டு நிம்மதியா இருங்க, வேணும்னா படிப்புக்கு வெச்சிருக்கறதையும் அனுப்பறேன் என்று சொன்னாய். நீ அப்படித்தான் சொல்வாய். அன்று பேனாவை வாங்கியபோதும் அப்படித்தான் சொன்னாய். அந்தப் படிப்புக்குக் கடன் கேட்டு நீ ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் போய் உட்காரும்போது, எதிரில் இருப்பவர் திரையைப் பார்த்துவிட்டு உன்னை ஒரு மாதிரி பார்ப்பார் என்பது உனக்குத் தெரியாமலா இருக்கும். என்னை அப்படிப் பார்க்கட்டும், எனக்கு இனி யாரிடமும் கடன் கேட்கும் உத்தேசம் இல்லை, மீன் தீனி ரொக்கத்துக்குத்தான் வாங்குகிறேன். அதனால் நீ சொன்னதை நான் கேட்கவில்லை. கோபித்துக்கொள்வாய் என்றுதான் போனில் சொல்லாமல் மழுப்பினேன்.

அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று மலைத்துக்கொண்டிருந்தேன். பாதிக்குப் பேசி முடித்தது அவள், ஒரு துடைப்பத்துக்கே மூன்று கடை ஏறி இறங்குகிறவள், வந்த சலுகையை விட்டுக்கொடு என்று அவளிடம் யார் சொல்வது. அன்று சாயங்காலம் அவள் ஒரு சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், முக்காலே கட்டிடலாங்க என்று சொன்னாள். நான் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பார்க்கறீங்க, எல்லாத்துலயுமா பேரம் பேசுவாங்க என்று என்மேல் எரிந்து விழுந்தாள். எனக்கு அவள்மேல் அப்போது வந்த பாசத்தை இங்கே எழுதினால் அவள் படித்துவிடுவாள், விட்டுவிடுகிறேன்.

மிச்சக் கால் பங்குக்குத்தான் பெரிய தொட்டி போயிற்று. பல் டாக்டர் அதை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார், தொட்டிக்கும் மீன்களுக்கும் நல்ல விலை கொடுத்தார், வருஷப் பராமரிப்புக்கு முன்பணமும் கொடுத்தார், அதிலும் கொஞ்சம் குறைந்தது, அதை அம்மா தையல் மெஷினுக்குப் புது மோட்டார் வாங்கச் சேர்த்து வைத்ததிலிருந்து எடுத்து, எண்ணாமல் கொடுத்தாள். மீன்களைப் பைகளில் பிடித்துக் கொண்டுபோய், பையோடு புதுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, இரண்டும் ஒரே சூடு ஆகும்வரை பக்கத்திலேயே நின்றேன். மாமியார் கடைசி வரை வாயை மூடவில்லை. இப்போது பல் பிடுங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு பயத்தை மறக்கிறார்களாம், டாக்டர் சொன்னார், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில்தான் படுக்கை அறை சட்டென்று வெறும் அறையாகிவிட்டது, சுவரில் தொட்டி இருந்த இடம் மட்டும் புதுச் சுண்ணாம்பு போல் வெளுப்பாக இருக்கிறது. அந்த மோட்டார் சத்தத்தைத் திட்டிக்கொண்டே இருந்த அம்மா, சத்தமே இல்லாம தூக்கம் வரல என்று புரண்டு படுக்கிறாள். நான் தூங்கிவிடுகிறேன். கனவு எதுவும் வருவதில்லை, ஆனால் காலையில் எழுந்ததும் எதையோ நல்லதாக நினைத்துக்கொண்டு படுத்தோமே, அது என்ன என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறேன், பிறகு ஞாபகம் வருகிறது.

பணம் கட்டிய அன்று மேனேஜர் எழுந்து நின்று கைகொடுத்தார். கணக்கு முடிந்தது என்று எழுதி, முத்திரை குத்தி, இரண்டு தாள் கொடுத்தார்கள், கணக்கர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வரி வரியாகப் படித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னார், அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். கூடவே, ரத்து என்று குறுக்கே முத்திரை அடித்து, நீ கையெழுத்துப் போட்ட ஜாமீன் பத்திரத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். பஸ் பிடிக்கிற அவசரத்தில் போட்ட கையெழுத்து, கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி ஓடியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கிழித்துப் போடச் சொன்னாள் அம்மா. இரண்டு தடவை மடித்துக் கையில் எடுத்தேன், உன் பெயரைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. அதனால் இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்பியிருக்கிறேன். நீயே கிழித்துவிடு. சின்னச் சின்னதாகக் கிழி.

நீ படுக்கும் அறையில் காற்று வரும்படி ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை, செருப்பு தேய்ந்திருந்தால் மாற்று, ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால் போன் பார்க்காமல் தூங்கு. அம்மா உனக்கு இரண்டு சட்டை தைத்து வைத்திருக்கிறாள், தோள் அளவு மாறியிருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். மாப்பிள்ளை விஷயத்தை நான் இனி பேசமாட்டேன், எந்தப் போனையும் எடுக்கவும் மாட்டேன், உனக்கு யாரையாவது பிடித்தால் நீயே சொல், பெயரும் ஊரும் சேர்த்துச் சொல், அம்மா கேட்பாள். நீ எங்கே நின்றாலும் அந்த இடம் உனக்கு நல்லதாகவே இருக்கட்டும், உன் கை பட்டது எல்லாம் துலங்கட்டும், உனக்கு வருகிற நாளெல்லாம் உனக்கே உரியதாக இருக்கட்டும் என்று நாங்கள் இருவரும் மனசார வாழ்த்துகிறோம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்த மாதம் பணம் அனுப்பாதே, அடுத்த மாதமும் வேண்டாம். வழக்கமாக எங்களுக்கு அனுப்பும் அந்தத் தொகையை வைத்து என்ன செய்தாய் என்று எனக்கு எழுது. சேர்த்து வைத்தேன் என்று மட்டும் எழுதாதே.

இனி உனக்கு மட்டுமே கடன்பட்டிருக்கும்
அப்பா